தராசு இல்லாமலும் ஓட வேண்டிய டெஸ்ட்

கேள்வி:

மன்னார்குடிப் பக்கத்து நவீன அரிசி ஆலை ஒன்றுக்கு நெல் கொள்முதல் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நானும் இன்னொருவருமாக இரண்டே பேர்; தஞ்சாவூரில் இருந்து வேலை பார்க்கிறோம். பைத்தான், மைஎஸ்க்யூஎல். வண்டி எடை மேடையில் ஏறியதும் எடையைக் காட்டும் இண்டிகேட்டரிலிருந்து, கேபிள் செருகும் சீரியல் போர்ட் வழியாக எடை வரும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு சதவீதத்துக்கும் குவிண்டாலுக்கு ஒரு கிலோ கழிவு. மிச்சத்துக்கு அன்றைய விலையைப் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, ரசீது அடித்து, விவசாயியின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். இவ்வளவும் ‘கொள்முதல்’ என்ற ஒரே கிளாஸில் இருக்கிறது. ஆபீசில் நிரலைத் தானாகச் சோதிக்கும் பைடெஸ்ட் ஓட்டினால் போர்ட் திறக்கவில்லை என்று தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. ஆலைக்குப் போய் ஓட்டினால் உண்மையான விவசாயிகளுக்குச் செய்தி போய், “நான் இன்னைக்கு நெல்லே போடலையே” என்று போன் வருகிறது. செப்டம்பரில் பாஸான டெஸ்ட் அக்டோபரில் ஃபெயில். மாக் (போலிப் பொருள்) வைத்து பேட்ச் செய்து, அதாவது டெஸ்ட் ஓடும்போது மட்டும் உண்மையானதை மாற்றிவைத்துப் பார்த்தோம். சில இடத்தில் பிடிக்கிறது, சில இடத்தில் பிடிக்கவில்லை. டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்தான் வழி என்கிறார்கள். அதற்குத் தனியாக ஃபிரேம்வொர்க் வேண்டுமா? சம்பா நெல் வருவதற்குள் முடியுமா?

பதில்:

ஃபிரேம்வொர்க் எதுவும் வேண்டாம். சம்பா வரத்துக்கு முன் முடியும்; ஆனால் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுப் புதிதாக எழுத நினைத்தால் முடியாது. எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உங்கள் கொள்முதல் கிளாஸ் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, எடையும் ஈரமும் விலையும் கையில் கிடைத்தால் என்ன தொகை, என்ன ரசீது என்று தீர்மானிப்பது. இன்னொன்று, அந்த எடையையும் விலையையும் தேதியையும் தானே தேடிப்போய் எடுத்துவருவது. இரண்டாவது வேலையை அதனிடமிருந்து பிடுங்கிவிடுங்கள். தனக்கு வேண்டிய பொருளை அந்தக் கிளாஸ் தானே உருவாக்கிக்கொள்ளக் கூடாது. உருவாக்குபவர் வெளியிலிருந்து கையில் கொடுக்க வேண்டும். டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்பது இவ்வளவுதான். பைத்தானில் அதற்குக் கன்ஸ்ட்ரக்டரின் (பொருள் உருவாகும்போது ஓடும் ஃபங்ஷனின்) அளவுருக்கள் போதும்.

மாற்றி எழுதிய பின் கிளாஸ் ஏறக்குறைய இப்படி இருக்கும். இது அமைப்பைக் காட்டும் வரைவு. சாவிச்சொற்களை மட்டும் பைத்தானுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெயர்களைப் பைத்தான் 3 தமிழிலேயே ஏற்கும்.

கிளாஸ் கொள்முதல்:
    தொடக்கம்(தராசு, விலைப்பட்டியல், பதிவேடு, தூதர், இப்போது)

    வாங்கு(விவசாயி, ரகம், ஈரப்பதம், காலி_வண்டி_எடை):
        எடை = தராசு.நிலையான_எடை() - காலி_வண்டி_எடை
        நாள் = இப்போது().தேதி
        விலை = விலைப்பட்டியல்.விலை(ரகம், நாள்)
        தொகை = தொகை_கணக்கு(எடை, ஈரப்பதம், விலை)
        ரசீது = பதிவேடு.சேர்(விவசாயி, எடை, தொகை, நாள்)
        தூதர்.வரிசையில்_போடு(விவசாயி, ரசீது)
        திருப்பு ரசீது

இதில் சீரியல் போர்ட்டின் பெயர் இல்லை, குறுஞ்செய்தி நிறுவனத்தின் சாவி (கடவுச்சொல் போன்றது) இல்லை, கணினியின் தேதியைக் கேட்கும் வரியும் இல்லை. டெஸ்டில் ஐந்து பொருளையும் நீங்களே செய்து கொடுக்கலாம். ஆலையில் உண்மையான ஐந்தைக் கொடுக்கலாம். கிளாஸுக்கு வித்தியாசம் தெரியாது.

ஐந்தில் எதை முதலில் எடுப்பது? தேதியை. செய்ய அரை மணி நேரம். அதை அப்படியே விட்டால் வரும் தவறுகளோ பணத்தில் போய் முடிபவை. உங்கள் டெஸ்ட் அக்டோபரில் விழுந்ததற்குக் காரணம், கிளாஸ் உள்ளேயிருந்து ‘இன்று என்ன தேதி’ என்று கணினியைக் கேட்கிறது. செப்டம்பர் விலையை எதிர்பார்த்து எழுதிய டெஸ்டுக்கு அக்டோபர் விலை வந்து நிற்கிறது. நெல்லுக்கான மத்திய ஆதார விலை 2024-25 பருவத்தில் பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு ரூ.2,300, ஏ கிரேடுக்கு ரூ.2,320, 2025-26 பருவத்தில் ரூ.2,369, ரூ.2,389. கரீஃப் பருவம் நாடு முழுவதற்கும் அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. குறுவை அறுவடை முந்துவதால் தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் செப்டம்பர் 1-ஆம் தேதியே புதுப் பருவக் கொள்முதலைத் தொடங்க அனுமதி கிடைத்துவருகிறது. உங்கள் ஆலை எந்தத் தேதியைப் பின்பற்றுகிறது என்பது நிரலுக்குள் பொறிக்க வேண்டிய விஷயமே அல்ல. அது விலைப்பட்டியலில் ஒரு வரி. ‘இந்த நாள் முதல் இந்த விலை’ என்று பட்டியலில் இருந்தால், டெஸ்ட் தன் சொந்தப் பட்டியலைக் கொடுத்து இரண்டு முறையையும் சோதித்துவிடும்.

தேதியைக் கொடுக்கும்போது ஒரு பள்ளம் உண்டு. பைத்தானில் பலர் இதில் விழுகிறார்கள். பழைய அழைப்புகள் உடையாமல் இருக்க ‘இப்போது’ என்ற அளவுருவுக்கு இயல்பு மதிப்பு வைக்கத் தோன்றும். அங்கே டேட்டைம்.நவ் என்று எழுதி அடைப்புக்குறியையும் போட்டுவிட்டால், அந்த நேரம் ஒரே ஒரு தடவைதான் கணக்கிடப்படும்: நிரல் ஏற்றப்படும் கணத்தில். ஆலைக் கணினியைத் திங்கட்கிழமை காலையில் போட்டு சனிக்கிழமை வரை அணைக்காமல் வைத்திருந்தால், ஆறு நாளும் திங்கட்கிழமை தேதியிலேயே ரசீது விழும். கொடுக்க வேண்டியது செயல்கூற்றை (ஃபங்ஷனை), அதன் விடையை அல்ல. அடைப்புக்குறி போடாமல் பெயரை மட்டும் கொடுங்கள். தேவைப்படும் இடத்தில் கிளாஸ் அதை அழைத்துக்கொள்ளும்.

இன்னொன்று நேர மண்டலம். சர்வர் வெளியூரில் ஏதாவது கிளவுடில் இருந்தால் அதன் கடிகாரம் பெரும்பாலும் யுடிசி (உலகப் பொது நேரம்). நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். இங்கே நள்ளிரவு தாண்டியதிலிருந்து காலை 5.30 வரை அங்கே முந்தின நாள் தேதிதான். பருவ காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கே எடை மேடையில் வண்டி நிற்கும். விலை மாறும் நாளில் அந்த வண்டிக்காரருக்கு முந்தின நாள் விலை விழும். ஆகவே உண்மையான கடிகாரத்தை ஏசியா/கொல்கத்தா மண்டலத்தோடு கட்டிக் கொடுங்கள். பைத்தான் 3.9 முதல் ஜோன்இன்ஃபோ உள்ளேயே இருக்கிறது. விண்டோஸில் மண்டலத் தரவு கூடவே வராது என்பதால் டிஇசட்டேட்டா பேக்கேஜையும் நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் லினக்ஸ் மடிக்கணினியில் ஓடியது ஆலையின் விண்டோஸ் கணினியில் மண்டலம் கிடைக்கவில்லை என்று விழும். டெஸ்டுக்கு ஒரு போலிக் கடிகாரம்: ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு, கேட்டால் அதையே சொல்லும், நாம் சொன்னால் முன்னே நகரும். அதை செப்டம்பர் 30 இரவு 11.50-க்கு வைத்து ஒரு கொள்முதல், இருபது நிமிடம் நகர்த்தி இன்னொன்று. இரண்டு ரசீதிலும் விலை வேறுவேறாக வர வேண்டும். கொள்முதல் பொருளை இடையில் புதிதாக உருவாக்காமல், ஒரே பொருளை வைத்தே இதைச் செய்வது அவசியம். விலையைத் தொடக்கத்திலேயே படித்து நினைவில் வைத்துக்கொள்ளும் பிழை அப்போதுதான் அகப்படும்.

பேட்ச் சில இடத்தில் பிடிக்கவில்லை என்றீர்கள். இரண்டு காரணம் இருக்கும். ஒரு மாடியூலிலிருந்து (நிரல் கோப்பிலிருந்து) பெயரை மட்டும் இறக்குமதி செய்தால், அந்தப் பெயரின் பிரதி ஒன்று உங்கள் மாடியூலுக்குள் வந்துவிடுகிறது. மூலத்தில் பேட்ச் செய்தால் பிரதி மாறாது. பயன்படுத்தும் மாடியூலின் பெயரில்தான் பேட்ச் செய்ய வேண்டும். அடுத்தது, டேட் கிளாஸின் டுடே போன்றவை சி மொழியில் எழுதப்பட்ட உள்ளமைந்த வகைகளைச் சேர்ந்தவை. அவற்றின் பண்பை மாற்றவே பைத்தான் விடாது, டைப்எரர் கொடுக்கும். இரண்டையும் சுற்றிக்கொண்டு போக வழி உண்டு. ஆனால் ஒவ்வொரு பேட்சும் ‘இந்தக் கோப்பில் இந்தப் பெயரில் இது இருக்கிறது’ என்று டெஸ்டைக் கட்டிப்போடுகிறது. நாளைக்குக் கோப்பைப் பிரித்தால், கணக்கு சரியாக இருந்தும் டெஸ்ட் உடையும். பேட்சைக் குறை சொல்லவில்லை. பிறர் எழுதிய, கைவைக்க முடியாத நிரலுக்கு அது பயன்படும். உங்கள் சொந்தக் கிளாஸுக்கு அதைப் பயன்படுத்த வேண்டியிருந்தால், பொருள் உள்ளே உருவாகிறது என்று அர்த்தம். அதை வெளியே எடுப்பதே சரி.

அடுத்து குறுஞ்செய்தி. விவசாயிக்குப் பொய்ச் செய்தி போவது வெறும் தொந்தரவு அல்ல. பணம் வரும் என்று நம்பி ஒருவர் வங்கிக்குப் போய் நிற்கலாம். இதை இன்றைக்கே நிறுத்துங்கள். டெஸ்ட் ஓடும் கணினியில் அந்த நிறுவனத்தின் சாவியே இருக்கக் கூடாது. உண்மையான தூதரை உருவாக்கும் இடம் சாவியைச் சூழல் மாறியிலிருந்து (நிரலுக்கு வெளியே கணினியில் வைக்கும் மதிப்பிலிருந்து) மட்டும் எடுக்கட்டும், இல்லாவிட்டால் பிழை சொல்லி நிற்கட்டும். அப்போது யாராவது தவறாக இணைத்தாலும் செய்தி வெளியே போகாது. டெஸ்டுக்கான போலித் தூதர் பத்து வரி: ஒரு பட்டியல், வந்த செய்தியை அதில் சேர்க்கும் ஒரு செயல்கூறு, ‘இனி அனுப்பினால் டைம்அவுட் ஆகு’ என்று சொல்ல ஒரு கொடி.

அந்தக் கொடிதான் வேலை செய்யும். அதை ஏற்றி டெஸ்ட் ஓட்டினால் உங்கள் இப்போதைய நிரல் என்ன செய்கிறது என்று பாருங்கள். பதிவேட்டில் ஏற்றுவதும் செய்தி அனுப்புவதும், முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும் ஒரே ட்ரான்சாக்‌ஷனில் இருந்தால், செய்தி போகாததற்காக எடை போட்ட நெல்லின் பதிவே அழிந்துவிடும். மழைக்காலத்தில் இணையம் விட்டுவிட்டு வரும் ஊரில் இது தினப்படி நடக்கக்கூடியது. வரைவில் ‘வரிசையில் போடு’ என்று எழுதியது அதனால்தான். செய்தியைக் கொள்முதல் பதிவோடு சேர்த்து அதே டேட்டாபேஸில் ஓர் அட்டவணையில் எழுதுங்கள். தனியாக ஓடும் சிறு நிரல் அதிலிருந்து எடுத்து அனுப்பட்டும். டைம்அவுட் என்றால் செய்தி போகவில்லை என்று பொருளல்ல, பதில் வரவில்லை என்றுதான் பொருள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் ஒரே வண்டிக்கு இரண்டு செய்தி போகும். ஒவ்வொரு செய்தியிலும் ரசீது எண் இருக்கட்டும். ஒரே எண்ணுக்கு எத்தனை தடவை முயன்றோம் என்பதும் அட்டவணையில் இருக்கட்டும்.

செய்தியின் வாசகத்தை உருவாக்குவதைத் தூதரிடம் விடாதீர்கள். அது மதிப்புகளை வாங்கி ஒரு சரத்தைத் திருப்பும் தனிச் செயல்கூறு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி வணிகச் செய்தியின் வாசகம், வார்ப்புகளைப் பதிவு செய்யும் டிஎல்டி தளத்தில் பதிவான வார்ப்போடு பொருந்த வேண்டும். ஓர் இடைவெளி மாறினாலும் செய்தி நின்றுவிடக்கூடும். பதிவான வார்ப்பை அப்படியே டெஸ்டில் வைத்து ஒப்பிடுங்கள். தமிழ்ச் செய்தி யூனிகோடில் போவதால் ஒரு செய்திக்கு 70 குறியீடுதான். தாண்டினால் துண்டுக்கு 67. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ‘கொள்முதல்’ என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணக்குக்கு ஒன்பது. பெயர் நீளமான விவசாயிக்கு ஒரு செய்தி இரண்டு செய்தியாகிச் செலவு கூடுவதை டெஸ்டிலேயே பிடித்துவிடலாம்.

இனி தராசு. பைடெஸ்ட் தொடக்கத்திலேயே நிற்கிறது என்றால், போர்ட்டைத் திறக்கும் வரி எந்தச் செயல்கூற்றுக்கும் வெளியே, மாடியூலின் மேல்மட்டத்தில் இருக்கிறது. டெஸ்ட் கோப்பு உங்கள் மாடியூலை இறக்குமதி செய்யும் நொடியிலேயே காம்3 என்ற போர்ட்டைத் திறக்கப் போய் விழுகிறது; ஒரு டெஸ்டும் தொடங்கியிருக்காது. அந்த வரியைத் தராசு என்ற புதிய கிளாஸுக்குள் தள்ளுங்கள். கொள்முதலுக்குத் தெரிய வேண்டியது ஒரே கேள்வி: நிலையான எடை என்ன? விடை கிலோவில் ஒரு டெசிமல் எண், அல்லது ‘எடை நிலைக்கவில்லை’, ‘தராசு பேசவில்லை’ என்ற இரண்டு பிழைகளில் ஒன்று. பைட், பாட் ரேட் (போர்ட்டின் வேகம்), போர்ட் எதுவும் இந்த எல்லையைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. வந்துவிட்டால் உங்கள் போலித் தராசும் பைட்டுகளைப் போலி செய்ய வேண்டியிருக்கும். டெஸ்ட் எழுதுவது தண்டனையாகிவிடும்.

தராசு கிளாஸையும் உள்ளுக்குள் இரண்டாகப் பிரியுங்கள். போர்ட்டிலிருந்து வரியைப் படிப்பது ஒன்று. படித்த வரியிலிருந்து எடையையும், அது நிலைத்ததா என்பதையும் பிரித்தெடுப்பது மற்றொன்று. பிழைகள் குவிவது இந்த இரண்டாவதில். அதற்கு வன்பொருளே வேண்டாம்: சரம் உள்ளே, விடை வெளியே. பல இண்டிகேட்டர்கள் ஒவ்வொரு வரியின் முன்னும் எஸ்டி என்றோ யுஎஸ் என்றோ போட்டு நிலைத்த எடையா, ஆடும் எடையா என்று சொல்கின்றன. உங்களுடையது எப்படி என்று அதன் கையேட்டில் பாருங்கள். அடுத்த முறை ஆலைக்குப் போகும்போது பத்து நிமிடம் போர்ட்டில் வரும் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் பிடித்துக்கொள்ளுங்கள்: மேடை காலியாக இருக்கும்போது, வண்டி ஏறும்போது, நிற்கும்போது, ஓட்டுநர் இறங்கும்போது, வண்டி போகும்போது. அந்தக் கோப்புதான் உங்கள் டெஸ்ட் தரவு. கற்பனை வரிகளை விட நூறு மடங்கு மேல்.

போர்ட் பகுதியில் மூன்று இடத்தைக் கவனியுங்கள். சீரியல் போர்ட்டைப் படிக்கும் பைசீரியல் நூலகத்தில் டைம்அவுட் (காத்திருக்கும் நேர வரம்பு) கொடுக்காவிட்டால் அது முடிவில்லாமல் காத்திருக்கும். கேபிள் கழன்றால் திரை அப்படியே உறைந்து போகும். டைம்அவுட் கொடுத்தால், வரி முடிவதற்குள் நேரம் தீர்ந்து பாதி வரி கைக்கு வரலாம். அரை வரியில் ‘12480’ என்பது ‘1248’ ஆக வந்து, அதுவும் ஓர் எண்ணாகவே ஏற்கப்பட்டுவிடும். வரி முடிவுக் குறி இல்லாத எதையும் தூக்கி எறியுங்கள். கடைசியாக, இண்டிகேட்டர் நில்லாமல் அனுப்பிக்கொண்டே இருப்பதால் நீங்கள் படிக்காத நேரத்தின் வரிகள் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) தேங்கி நிற்கும். அடுத்த வண்டிக்கு எடை கேட்டால் முந்தின வண்டியின் எடை வரும். எடை கேட்கும் ஒவ்வொரு முறையும் முதலில் உள்ளீட்டு பஃபரைக் காலி செய்து, முதல் வரியை விட்டுவிட்டு, அடுத்தடுத்து மூன்று நிலைத்த வரிகள் ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பைசீரியலில் ‘லூப்’ என்ற கற்பனை போர்ட் உண்டு. எழுதியதையே திரும்பப் படிக்கத் தரும். பிடித்துவைத்த வரிகளை அதில் எழுதிவிட்டு, பாதி வரி, டைம்அவுட் ஆகியவற்றைத் தஞ்சாவூரிலேயே சோதிக்கலாம். பஃபரைக் காலி செய்தால் முன்னே எழுதியதும் போய்விடும் என்பதால், அந்தச் சோதனைக்கு மட்டும் வரிகளைத் தனி த்ரெட்டிலிருந்து (இணையாக ஓடும் இழையிலிருந்து) எழுத வேண்டும்.

கணக்குக்கு எதையும் வெளியிலிருந்து செலுத்த வேண்டாம். எடை, ஈரப்பதம், விலை மூன்றையும் வாங்கித் தொகையைத் திருப்பும் செயல்கூறு போதும். டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்று ஆரம்பித்ததும் இதையும் ‘கணக்கி’ என்று ஒரு பொருளாக்கி, அதற்கொரு இடைமுகம் எழுதிச் செலுத்தத் தோன்றும். செய்யாதீர்கள். வெளியுலகத்தைத் தொடாத எதையும் போலி செய்யத் தேவையில்லை. நிகர எடை 6,000 கிலோ, ஈரம் 19, விலை குவிண்டாலுக்கு ரூ.2,400 என்றால், இரண்டு சதவீதத்துக்குக் கழிவு 120 கிலோ, மிச்சம் 58.80 குவிண்டால், தொகை ரூ.1,41,120. இப்படி முப்பது நாற்பது வரிகளை ஓர் அட்டவணையாக்கி, வரிக்கொரு டெஸ்டாக ஓட்டும் பைடெஸ்டின் பாராமெட்ரைஸில் கொடுங்கள். சரியாக 17.0 இருக்கட்டும், 17.1 இருக்கட்டும், 16.9 இருக்கட்டும். 17.1-க்கு முழு ஒரு சதவீதமா, பத்தில் ஒரு பங்கா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஆலைக்காரரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னத்தைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வகையில் 17.1-இலிருந்து 17-ஐக் கழித்தால் 0.1-க்கு ஒரு துளி மேலே வரும். பத்தில் ஒரு பங்காக மேல்நோக்கி முழுமையாக்கும் விதி இருந்தால் அந்தத் துளி 0.2 ஆகிவிடும். 6,000 கிலோ வண்டிக்கு அது கூடுதலாக 6 கிலோ கழிவு, ரூ.144 விவசாயி தலையில். தசம எண்ணை அப்படியே வைக்கும் டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள். அதையும் சரத்திலிருந்து உருவாக்குங்கள். ஃப்ளோட்டிலிருந்து உருவாக்கினால் அதே துளி கூடவே வரும். மூட்டைக் கணக்கு எங்காவது நிரலில் இருந்தால் அதையும் அட்டவணையில் சேருங்கள்: அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை, தனியார் வியாபாரத்தில் 60 கிலோவை ஒட்டிய மூட்டை. மூட்டைக்கு இத்தனை கிலோ என்று எண்ணை எங்காவது பொறித்து வைத்திருந்தால் அது அங்கேயே அகப்படும்.

பதிவேட்டுக்குப் போலியாகப் பைத்தானின் ‘டிக்ட்’ வகை அகராதி ஒன்று போதும். ரசீது எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும். மைஎஸ்க்யூஎல்லுக்குப் பதில் நினைவகத்தில் எஸ்க்யூலைட் வைத்துச் சோதிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். எஸ்க்யூலைட்டுக்கு உண்மையான டெசிமல் வகை கிடையாது. பின்ன எண்ணை ஃப்ளோட்டாகவே வைக்கும். நீங்கள் கணக்கில் தவிர்த்தது கிடங்கில் திரும்ப நுழையும், அல்லது மைஎஸ்க்யூஎல்லில் இல்லாத ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலான டெஸ்டுக்கு அகராதி. உண்மையான பதிவேடு கிளாஸுக்கு மட்டும் தனி மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் பத்துப் பன்னிரண்டு டெஸ்ட், ஒவ்வொன்றின் முடிவிலும் ரோல்பேக் (எழுதியதை ரத்து செய்தல்).

போலிப் பொருள் உண்மையான பொருளைப் போலவே நடந்துகொள்கிறதா என்பதுதான் இந்த முறையின் பலவீனமான இடம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பைத்தானின் ஆயத்தப் போலியான மேஜிக்மாக் எதைக் கேட்டாலும் ஆமாம் போடும். தூதரிடம் செயல்கூற்றின் பெயரை எழுத்துப்பிழையோடு அழைத்தாலும் டெஸ்ட் பச்சையாகவே (பாஸாகவே) இருக்கும், ஆலையில்தான் வெடிக்கும். மாக் பயன்படுத்தியே ஆக வேண்டிய இடத்தில் கிரியேட் ஆட்டோஸ்பெக் வழியாக உருவாக்குங்கள், இல்லாத பெயரை அது ஏற்காது. கையால் எழுதிய போலிகளுக்கு, பைத்தான் 3.8-இலிருந்து இருக்கும் புரோட்டோகால் வகையில் ‘தராசு என்றால் இந்தச் செயல்கூறு, இந்த விடை வகை’ என்று அறிவித்து, வகைகளைச் சரிபார்க்கும் மைபையை ஓட்டினால் பெயரும் வகையும் ஒத்துப்போகின்றனவா என்று அது சொல்லிவிடும். நடத்தை ஒத்துப்போகிறதா என்பதற்கு, ஒரே டெஸ்ட் தொகுப்பைப் போலிப் பதிவேட்டின் மேலும் உண்மைப் பதிவேட்டின் மேலும் ஓட்டுங்கள். ஒரே ரசீதை இரண்டு முறை சேர்த்தால் என்ன ஆகும், இல்லாத எண்ணைக் கேட்டால் என்ன வரும் என்ற கேள்விகளுக்கு இரண்டும் ஒரே பதில் சொல்ல வேண்டும்.

எல்லாப் பொருளையும் உருவாக்கி ஒன்றோடொன்று இணைக்கும் இடம் ஒன்றே ஒன்று இருக்கட்டும்: நிரல் தொடங்கும் கோப்பு. இருபது வரிக்கு மேல் போகாது. அங்கே மட்டும்தான் போர்ட் எண், டேட்டாபேஸ் முகவரி, சாவி எல்லாம் தெரியும். அதே மாதிரி இரண்டாவது தொடக்கக் கோப்பு ஒன்று எழுதி, போலித் தராசையும் போலித் தூதரையும் இணைத்துவிட்டால், எடை மேடை ஊழியருக்குப் பழக்கிக் கொடுக்கத் தனிச் செயலியே கிடைத்துவிடும். கன்ஸ்ட்ரக்டரில் அளவுரு ஆறு, ஏழு என்று ஏறினால் அந்தக் கிளாஸைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது. அதை மறைக்க எல்லாவற்றையும் ‘சூழல்’ என்று ஒரே பொருளில் அடைத்துக் கொடுக்காதீர்கள். எந்த டெஸ்டுக்கு எது வேண்டும் என்பது மறுபடி தெரியாமல் போகும். நிரலின் எந்த இடத்திலிருந்தும் எட்டக்கூடிய பொதுப் பதிவகத்திலிருந்து கிளாஸ் தானே எடுத்துக்கொள்ளும் முறையும் அப்படித்தான். உங்கள் திரை ஃபாஸ்ட்ஏபிஐ என்ற வலை ஃபிரேம்வொர்க்கில் இருந்தால் அதன் டிபென்ட்ஸ் வசதியைப் பயன்படுத்தலாம். டெஸ்டில் மாற்றிவைத்த பொருள்களை ஒவ்வொரு டெஸ்டுக்குப் பின்னும் அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த டெஸ்டில் அவை ஒட்டிக்கொண்டு வரும்.

காலக்கணக்கு. குறுவை நெல் அக்டோபருக்குள் பெரும்பாலும் வந்து முடிந்துவிடும். சம்பாவும் தாளடியும் பொங்கலை ஒட்டித்தான் வரத் தொடங்கும். நவம்பர், டிசம்பர் உங்களுக்குக் கிடைத்த இடைவெளி. வேலையைத் தொடங்குமுன் பழைய பதிவேட்டிலிருந்து இருநூறு ரசீதுகளை எடுங்கள். ஈரம் கூடுதலாக இருந்தவை, விலை மாறிய நாளுக்கு முன்னும் பின்னும் வந்தவை கட்டாயம் இருக்கட்டும். எடை, ஈரம், ரகம், நாள், தொகை ஐந்தையும் கோப்பாக்கி, கணக்கை மட்டும் தனிச் செயல்கூறாக வெட்டியெடுத்து அவற்றின் மேல் ஓட்டுங்கள். ஒரு ரூபாய் வேறுபட்டாலும் நின்று காரணம் பாருங்கள். ஒருவேளை பழைய கணக்கே தவறாக இருந்து அது வெளிப்பட்டால், அதை உடனே திருத்திவிடாதீர்கள். ஆலைக்காரரிடம் சொல்லிவிட்டு, தனி கமிட்டில் (நிரல் மாற்றப் பதிவில்), தனி நாளில் திருத்துங்கள். அமைப்பை மாற்றுவதும் கணக்கை மாற்றுவதும் ஒரே கமிட்டில் கலந்தால், எது எதை உடைத்தது என்று கண்டுபிடிக்க வழியிருக்காது. அதன் பின் தேதி, தூதர், தராசு, பதிவேடு என்ற வரிசை. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஆலையில் போட்டு இரண்டு நாள் ஓடவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இரண்டு பேருக்கு, மற்ற வேலையோடு சேர்த்து, மூன்று வாரம் போதுமானது.

ஆலையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று மிச்சம் இருக்கும். அதை எந்தப் போலித் தராசும் ஈடு செய்யாது. ஒவ்வொரு புதுப் பதிப்பையும் போடும் நாளில், ஒரே வண்டியை மூன்று முறை ஏற்றி, இண்டிகேட்டரின் திரையில் தெரியும் எண்ணும் ரசீதில் விழும் எண்ணும் மூன்று முறையும் ஒன்றா என்று ஒருவர் வெளியிலும் ஒருவர் உள்ளேயும் நின்று பாருங்கள். நடுவில் கேபிளைக் கழற்றி, திரை பிழையைச் சொல்கிறதா என்றும் பாருங்கள். மேடையின் எடையே சரியா என்பது சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரையைப் பொறுத்தது. அது நடப்பில் இருக்கிறதா என்று ஆலைக்காரரிடம் கேளுங்கள். பழைய பதிப்பின் கோப்புறையை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருங்கள். அட்டவணைகளில் நீங்கள் சேர்த்த புதுப் பத்திகளைப் பழைய பதிப்பு கண்டுகொள்ளாமல் ஓடுமா என்பதை மட்டும் முன்னாலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.